0171-இலிருந்து யோகராஜா

1

டெலிபோன் அலறியது.

ஒரு தரம்.

கணேசலிங்கம் வாயருகே கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அப்படியே நிறுத்தினான்.

இரண்டு தரம்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மாலை ஆறே கால்.

மூன்று தரம்...

நின்றுவிட்டது.

வெளியே நல்ல வெயில். கிரீன் ஸ்ட்ரீட் பக்கமிருந்து பஸ் இரைச்சல் கேட்டது. பக்கத்து வீட்டு லூர்தம்மா மீன் பொரிக்கும் வாசனை வந்தது. அப்டன் பார்க்கில் மற்ற எல்லோருக்கும் அது சாதாரண வெள்ளிக்கிழமைதான். கணேசலிங்கத்துக்கு மட்டும் அப்படி இல்லை.

இன்றோடு ஐந்து நாள்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் இதே ஆறே கால். இதே மூன்று தரம். ஓடிப் போய் எடுத்தாலும் அதற்குள் கட்!

கோப்பையை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனான். ரிசீவரைத் தூக்கி 1471-ஐ அழுத்தினான். கடைசியாகக் கூப்பிட்டது யார் என்று சொல்கிற அந்த வசதி வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. மிஷின் பெண்மணி உணர்ச்சியே இல்லாமல் பேசினாள்.

இன்று மாலை ஆறு பதினைந்துக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் தன் எண்ணைத் தரவில்லை.

"ஆரடா நீ?" என்றான் கணேசலிங்கம்.

மிஷினுக்குத் தமிழ் தெரியாது. அது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அவன் ரிசீவரை வைத்தான்.

மணி அடித்துவிட்டு வைப்பது லண்டன் தமிழர்களுக்குப் புதிய சங்கதி இல்லை. எடுக்காத போனுக்குக் காசு கிடையாது. அதனால் மணியையே கடிதமாக்கி வைத்திருந்தார்கள். வேலைக்குப் போனவன் போய்ச் சேர்ந்தானா, விமான நிலையத்துக்குப் போனவள் விமானம் ஏறினாளா, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு தரம். இன்னொரு வீட்டுக்கு இரண்டு.

மூன்று தரம் என்பது யோகராஜாவின் கணக்கு.

நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன், பயப்படாதே என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்று கணேசலிங்கம் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவன், ஐந்து வருடத்துக்கு முன்னால் காணாமல் போன யோகராஜா. இரண்டாவது, அவன் மனைவி றோஸ்மலர். மூன்றாவது, கணேசலிங்கம்.

இந்த மூவரில் ஒருவனால் நிச்சயமாக டெலிபோன் எண்ணை அழுத்த முடியாது.

கணேசலிங்கத்துக்கு அது நன்றாகவே தெரியும். யோகராஜாவைத் தோட்டத்து ஷெட்டின் கொங்கிரீட்டுக்கு அடியில் படுக்க வைத்தவனே அவன்தான்!

2

1990-ஆம் ஆண்டு. மே 6, ஞாயிற்றுக்கிழமை.

அன்றுதான் லண்டன் இரண்டாகப் பிளந்தது. குண்டு எதுவும் விழவில்லை. டெலிபோனில்தான் பிளவு.

அதுவரை லண்டன் முழுவதற்கும் 01 என்ற ஒரே குறியீடு. ஊருக்குள் யார் யாரைக் கூப்பிட்டாலும் ஏழு எண் போதும். அந்த ஞாயிறு முதல் நடு லண்டன் 071. சுற்று லண்டன் 081. கோட்டைத் தாண்டிப் பேசுகிறவன் இந்த மூன்று எண்ணையும் முன்னால் சேர்க்க வேண்டும். தன் பக்கத்துக்குள்ளேயே பேசுகிறவனுக்குப் பழைய ஏழே போதும்.

கணேசலிங்கமும் யோகராஜாவும் சேர்ந்து ஆர்ச்வேயில், போனில் கூப்பிட்டால் வாடகைக் கார் அனுப்புகிற ஒரு மினிகாப் ஆபீஸ் நடத்தினார்கள். அது 071 பக்கம். வீடுகள் இரண்டும் 081 பக்கம். யோகராஜா இல்ஃபோர்ட். கணேசலிங்கம் அப்டன் பார்க்.

01 என்று அச்சடித்து வைத்த ஐயாயிரம் விளம்பர அட்டையும் ஒரே நாளில் குப்பையாயிற்று. அந்த வாரம் ஆபீஸ் போன் அடிக்கவே மறந்துவிட்டது. பாதி வாடிக்கையாளர்கள் பழைய பழக்கத்தில் சுழற்றி, ரெக்கார்டு பண்ணிய குரலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சவாரி இல்லாமல் டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

வெள்ளிக்கிழமை, மே 11. மாலை ஐந்து மணிக்கு யோகராஜா அப்டன் பார்க் வீட்டுக்கு வந்தான். ஆபீசுக்குப் போகிற வழியில் இறங்கியவன் உட்காரக்கூட இல்லை.

"கணேசண்ணை, இனி நீங்கள் எங்கட வீட்டை வரவேண்டாம்."

"ஏன்ரா? என்ன நடந்தது?"

"றோஸ் தனிய நிக்கிற நேரமாப் பாத்து வாறியள். அவளுக்குப் பிடிக்கேல்லை. எனக்கும் பிடிக்கேல்லை. உங்களை மதிச்சு நேர வந்து சொல்லுறன்."

"நான் என்ன பிழை செய்தனான்?"

"செய்யிறதுக்கு முதல் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பினான். ஹால் மூலையில் கார் ஜாக்கியின் இரும்புக் கம்பி சாய்த்து வைத்திருந்தது. கணேசலிங்கத்தின் கை அதைத் தேடவே இல்லை. அது கைக்கு வந்தது.

ஒரே அடி.

ஷெட்டுக்குத் தளம் போட வெட்டிய குழி தயாராக இருந்தது. உடலை நீலத் தார்ப்பாய்ப் படங்கில் சுற்றிக் குழிக்குள் இறக்கினான். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு பத்து. ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்த மணி வராவிட்டால் றோஸ்மலர் இரண்டு மூன்று நிமிடத்தில் பதறிப்போய் விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஹாலுக்கு வந்தான். அப்போது அவன் வீட்டிலும் வட்டப் போன்தான். இல்ஃபோர்ட் எண்ணைச் சுழற்றினான்.

மூன்று தரம். கட்.

இல்ஃபோர்ட்டில் ஒருத்தி நிம்மதியாக அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

யோகராஜாவின் காரை ஆர்ச்வேக்கு ஓட்டிப் போய், ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி விட்டான். பாதாள ரயிலில் வீடு திரும்பினான். மறுநாள் விடியற்காலை குழியை மூடிக் கொங்கிரீட் போட்டான். பத்து மணிக்கு றோஸ்மலரோடு போலீஸ் ஸ்டேஷனில் நின்றான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஆறே காலுக்கு ஆர்ச்வே ஆபீசுக்கு வந்தவன். வீட்டை போன் அடிச்சிட்டு வெளிய போனவன். பிறகு காணேல்லை."

கிருஷ்ணமூர்த்தி என்ற தமிழ்நாட்டுக்காரர்தான் மொழிபெயர்ப்பாளர். மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலமாக்கி சார்ஜன்டிடம் கொடுத்தார். கணேசலிங்கம் கையெழுத்துப் போட்டான்.

போலீஸ் ஆர்ச்வேயைச் சல்லடை போட்டுத் தேடியது. பாவம், தப்பான பக்கத்தில் தேடினால் என்ன கிடைக்கும்?

3

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு றோஸ்மலர் அப்டன் பார்க் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயது. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. கையில் ஒரு பழுப்பு உறை.

"வாரும் றோஸ். இரும். தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் கணேசண்ணை. வேலையால நேர வாறன்."

"இன்னும் அண்ணையோ? கலியாணம் ரெஜிஸ்டர் பண்ணப்போற நேரத்தில அண்ணை எண்டு கூப்பிட்டால் ஆக்கள் சிரிப்பினம்."

"பழகின வாய். மாறக் கொஞ்ச நாள் செல்லும்."

கணேசலிங்கம் சிரித்துக்கொண்டான். ஐந்து வருடம் காத்தவனுக்குக் கொஞ்ச நாள் பெரிதில்லை. மினிகாப் ஆபீசை மூடி மூன்று வருடமாயிற்று. இப்போது கிரீன் ஸ்ட்ரீட்டில் வீடியோ கடை. அந்தக் கடையும் இந்த வீடும் இவள் வந்தால்தான் நிறையும் என்று அவன் மனமார நம்பினான். கொலை செய்தவனுக்கும் கனவு வரத்தான் செய்கிறது.

அவள் உறையை மேசையில் வைத்தாள்.

"லோயர் தந்த பேப்பர். அஞ்சு வருசம் பிரிஞ்சிருந்தால் அவர் வந்து சம்மதம் சொல்லத் தேவையில்லையாம், கோர்ட்டே டிவோர்ஸ் குடுக்குமாம். வியாழக்கிழமையோட அஞ்சு வருசம் முடியுது. அதுக்குப் பிறகுதான் சைன் வைக்கேலும்."

"ஓம், ஓம். ஆறுதலாச் செய்வம்."

"சைன் வைக்க முதல் ஒண்டு கேக்கவேணும்."

"கேளுமன்."

"அவரைக் கடைசியாக் கண்டது நீங்கள்தான். அண்டைக்கு நடந்ததை எனக்கு இன்னொருக்கால் சொல்லுங்கோ. அதோட நான் இந்தக் கதையை விட்டிடுவன்."

நூறு தரம் சொன்ன கதை. கேட்ட உடனே பாடம் ஒப்பிக்க வந்துவிட்டது.

"ஆறே கால் இருக்கும். யோகன் ஆபீசுக்குள்ள வந்தவன். என்ர மேசையில அந்தக் கறுத்தப் போன் இருந்ததெல்லே, சுத்திற போன்?"

"ஓம்."

"மேசை விளிம்பில குந்திக்கொண்டு உமக்கு அடிச்சவன்."

"எப்பிடி அடிச்சவர்?"

"இதென்ன கேள்வி? விரலைப் போட்டுச் சுத்தினவன். அஞ்சு... அஞ்சு... மூண்டு..." கணேசலிங்கத்தின் சுட்டுவிரல் காற்றில் வட்டம் போட்டது. ஏழு வட்டம். சொல்லச் சொல்ல அவனுக்கே அது ஆர்ச்வேயில் நடந்தது போலத்தான் இருந்தது. "ஏழு நம்பரையும் ஒண்டொண்டாச் சுத்தினவன். மூண்டு றிங் போகவிட்டு வைச்சவன். 'றோஸ் இனிப் பயப்பிடமாட்டாள் அண்ணை' எண்டு சொன்னவன்."

"ஏழு நம்பர்," என்றாள் அவள்.

"நான் பக்கத்தில இருந்து எண்ணினனான் எண்டு வையுமன்."

"போலீசுக்கும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"அச்சொட்டா இதைத்தான். அந்த இந்தியாக்காரர் ஒரு சொல்லு விடாமல் எழுதினவர்."

றோஸ்மலர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை.

அப்போது ஹாலில் டெலிபோன் அடித்தது.

ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்...

கட்.

அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"இது அவற்ற றிங்."

"றோங் நம்பர் றோஸ். கொஞ்ச நாளா ஒருத்தன் இப்பிடித்தான்..."

"எத்தினை நாளா?"

"ஆறு நாள்."

"1471 அடிச்சுப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். முன்னால 141 போட்டு நம்பரை மறைச்சுப்போட்டு எடுக்கிறான்."

றோஸ்மலர் மெதுவாக உட்கார்ந்தாள்.

"செத்தவைக்கு நம்பரை மறைக்கத் தேவையில்லை, அண்ணை. உயிரோட இருக்கிற ஆள்தான் மறைப்பார்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"அவர் எங்கயோ இருக்கிறார். என்னோட கோவம் போல. அதுதான் உங்களுக்கு எடுக்கிறார்." உறையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை மட்டும் பாப்பம். அவர் உயிரோட இருக்கிறார் எண்டால் நான் சைன் வைக்கமாட்டன்."

கதவு சாத்தப்பட்டது.

கணேசலிங்கம் ஹாலிலேயே நின்றான். இத்தனை நாளும் அவளாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் உள்ளுக்குள் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. மணி அடித்தபோது அவள் அவன் எதிரில்தானே உட்கார்ந்திருந்தாள்!

மூன்று பேரில் இவள் இல்லை. தானும் இல்லை.

மிச்சம்?



4

ஞாயிற்றுக்கிழமையும் அடித்தது.

திங்கட்கிழமை ஆறு பத்துக்கே கணேசலிங்கம் டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். ஆறே கால் வந்தது. சத்தம் இல்லை. நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டான். பல நாளைக்குப் பிறகு வந்த பெருமூச்சு அது.

ஆறரைக்கு வயரை மறுபடி செருகினான். சும்மா இருந்திருக்கலாம். மனது கேட்கவில்லை. 1471-ஐ அழுத்தினான்.

இன்று மாலை ஆறு பதினைந்துக்கு ஓர் அழைப்பு வந்தது...

காதில் விழாவிட்டாலும் கூப்பிட்டவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ரிசீவர் கையிலிருந்து நழுவி வயரில் தொங்கியது. மிஷின் பெண்மணி தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பேசிக்கொண்டே இருந்தாள்.

அன்றிரவு அவன் தூங்கவில்லை. ஒரு கேள்வி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

யோகராஜா செத்தானா?

ஒரே ஒரு அடி. விழுந்தான். அசையவில்லை. படங்கில் சுற்றினான். மூக்கில் கை வைத்துப் பார்த்தானா? இல்லை. குழியில் இறக்கிவிட்டு அன்று மாலை முழுவதும் ஆர்ச்வேக்குப் போய்வந்தான். திரும்ப வந்தவன் ஷெட் பக்கமே போகவில்லை. விடியற்காலை அரை இருட்டில் குழிக்குள் நீலமாக ஒரு படங்கு தெரிந்தது. மண்ணைத் தள்ளினான். கொங்கிரீட்டை ஊற்றினான்.

படங்கு தெரிந்தது. சரி.

படங்குக்குள்ளே ஆள் இருந்தானா?

ஒருவன் மயக்கம் தெளிந்து எழுந்து, படங்கை அப்படியே விட்டுவிட்டு, பின் கதவால் நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும்? போனவன் ஏன் போலீசுக்குப் போகவில்லை? ஏன் பெண்சாதியிடம் போகவில்லை? தலையில் அடிபட்டவனுக்கு ஐந்து வருடம் நினைவே இல்லாமல் இருந்து, இப்போது மூன்று தரம் மணி அடிப்பது மட்டும் நினைவு வந்ததோ?

பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த ஒருத்தி, தான் கேட்ட படம் இது இல்லையே என்று கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். புதன்கிழமை இன்னும் இரண்டு பேர். புதன் மாலை ஷெட்டுக்குள் போய், பழைய கேசட் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, தரையில் காதை வைத்துப் படுத்தான். கொங்கிரீட் குளிர்ந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

எழுந்தபோது பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் லூர்தம்மா நிற்பது தெரிந்தது. தோட்டத்தை நேராகப் பார்க்கிற ஜன்னல்.

"என்ன தம்பி, சுகமில்லையே? ஆள் நல்லா மெலிஞ்சு போனீர்."

"ஒண்டுமில்லை அக்கா. எலி. எலி பாக்கிறன்."

5

வியாழக்கிழமை. மே 11, 1995.

கடையை மூன்று மணிக்கே பூட்டிவிட்டான். ஹாலில் டெலிபோனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

ஆறு. ஆறு ஐந்து. ஆறு பத்து...

ஆறே கால்!

மூன்று தரம் அடித்தது. நின்றது.

விரல் தானாக 1471-ஐ அழுத்தியது. அழைத்தவர் தன் எண்ணைத் தரவில்லை என்ற வார்த்தைக்குக் காது தயாராக இருந்தது. அது வரவில்லை.

மிஷின் பெண்மணி இன்று எண்ணைச் சொன்னாள்.

பூஜ்யம்... ஒன்று... ஏழு... ஒன்று...

மூன்று வாரத்துக்கு முன்னால்தான், ஈஸ்டர் ஞாயிறன்று, லண்டன் எண்கள் மறுபடி மாறியிருந்தன. 071 போய் 0171. 081 போய் 0181. வெளிநாட்டுக்கு 010 போய் 00. யாழ்ப்பாணத்துக்கு எதைப் போட்டாலும் லைன் இல்லை என்பதில் மட்டும் மாற்றமில்லை.

0171-க்குப் பிறகு ஏழு எண்கள் வந்தன. இரண்டாவது எண்ணிலேயே கணேசலிங்கத்துக்கு மீதி ஐந்தும் தெரிந்துவிட்டது. அந்த ஏழு எண்ணையும் அவன் 01 போட்டு அட்டை அடித்திருக்கிறான். 071 போட்டு அடித்திருக்கிறான். நாளுக்கு நூறு தரம் போனை எடுத்து, வெள்ளைக்காரன் பாணியில் அந்த எண்ணையே வணக்கமாகச் சொல்லியிருக்கிறான்.

ஆர்ச்வே மினிகாப் ஆபீஸ்!

மூன்று வருடத்துக்கு முன்னால் மூடிய ஆபீஸ். யோகராஜா கடைசியாக வந்து போன் அடித்தான் என்று அவனே ஊரெல்லாம் சொன்ன ஆபீஸ். சொன்ன பொய் இப்போது எழுந்து உட்கார்ந்து எண்ணைச் சுழற்றுகிறது.

"இல்லை," என்றான். "இல்லை... நீ இஞ்சதான் கிடக்கிறாய்."

ஷெட்டுக்கு ஓடினான். கேசட் பெட்டிகளை வெளியே வீசினான். பிக்காசை எடுத்தான். வெயில் இன்னும் அடங்கவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யார் பார்த்தால் என்ன, யார் கேட்டால் என்ன? ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். இருக்கிறான் என்று கண்ணால் கண்டுவிட்டால் நிம்மதியாக மூடிவிடலாம்.

தன் கையால் போட்ட கொங்கிரீட். கெட்டியாகத்தான் போட்டிருந்தான். அரை மணி நேரம். ஒரு மணி நேரம். உள்ளங்கை கிழிந்து பிடியில் இரத்தம் ஒட்டியது. ஏழரைக்கு ஒரு பெரிய துண்டு பெயர்ந்தது. மண்ணைக் கையால் வாரினான்.

நீலம்.

படங்கின் மடிப்பை இழுத்தான். அழுகிப்போன சப்பாத்து ஒன்று தெரிந்தது. அதற்குள்ளே கால் எலும்பும் தெரிந்தது.

கணேசலிங்கம் குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"இருக்கிறாய்... இருக்கிறாய் என்னடா..."

"சார்ஜன்ட் கேக்கிறார்," என்றது ஷெட் வாசலில் ஒரு குரல். "யார் இருக்காங்கன்னு."

6

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தலை நரைத்துப்போன அதே சார்ஜன்ட். மூக்குக்கண்ணாடி கிருஷ்ணமூர்த்தி. அவர்களுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, றோஸ்மலர்.

"பைப் லீக்..." என்றான் கணேசலிங்கம்.

கிருஷ்ணமூர்த்தி அதையும் கடமை தவறாமல் மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் சப்பாத்தைப் பார்த்தார். கைவிலங்கை எடுத்தார்.

"நாங்க லூர்தம்மா வீட்டு மாடியில ஒரு மணி நேரமா உக்காந்திருக்கோம்," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "பழைய ஸ்டேட்மென்ட்டைப் பத்தி உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு சார்ஜன்ட் வந்தார். நீங்க தரையை உடைக்கிற சத்தம் கேட்டதும், கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னுட்டார்."

"ஸ்டேட்மென்ட்டில என்ன?"

பதில் றோஸ்மலரிடமிருந்து வந்தது.

"போன மாசம் ஆர்ச்வேக்குக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சுது. முதல் நாள், சுகமா வந்து சேர்ந்தன் எண்டு என்னோட இருக்கிற என்ர அக்காவுக்குச் சொல்ல வீட்டை போன் எடுத்தனான். இல்ஃபோர்ட்டுக்குள்ளயே எடுத்துப் பழகின கை. ஏழு நம்பர்தான் அடிச்சனான். லைன் போகேல்லை. ரெக்கார்டில ஒருத்தி சொல்லுறாள், முன்னால குறியீட்டைப் போடு எண்டு."

கணேசலிங்கத்தின் சிரிப்பு நின்றிருந்தது.

"என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரி சொன்னாள், இது அஞ்சு வருசமா இப்பிடித்தானே எண்டு. நான் அந்த இடத்திலயே இருந்திட்டன். அண்டைக்கும் ஏழு நம்பர்தான் சுத்தினவர் எண்டு நீதானே சொன்னனீ?"

நீ! அண்ணை போயிற்று. நீங்களும் போயிற்று.

"நான் டெலிபோன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன்," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "தொண்ணூறு மே ஆறாம் தேதியிலேர்ந்து ஆர்ச்வேல இருந்து ஏழு நம்பர் சுத்தினா இல்ஃபோர்ட்டுல மணி அடிக்காது. நீங்க சொன்னது பதினொண்ணாம் தேதி. ஆனா அன்னைக்கு இந்தம்மா வீட்டுல மணி அடிச்சிருக்கு. அப்போ சுத்தினவர் 081 பக்கம் இருந்திருக்கார். நீங்க பக்கத்துல இருந்து எண்ணினதா சொல்றீங்க. அப்போ நீங்களும் 081 பக்கம்தான் இருந்திருக்கீங்க. ஆர்ச்வேல இல்லை."

"நம்பர்... நம்பர் மறந்திருக்கலாம். அஞ்சு வருசம்."

"மறுநாளே எழுதிக் கையெழுத்துப் போட்டது சார். செவன் டிஜிட்ஸ். என் கையெழுத்துதான். மத்த எல்லாத்தையும் கற்பனையில செஞ்சீங்க. விரல் செஞ்சதை மட்டும் மாத்தாம சொல்லிட்டீங்க."

சார்ஜன்ட் ஏதோ கேட்டார். கிருஷ்ணமூர்த்தி சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு இவனிடம் திரும்பினார்.

"இதை வச்சு உங்களைச் சந்தேகப்படலாம். எங்கே தோண்டுறதுன்னு தெரியாது. இந்தம்மாதான் சொன்னாங்க, அந்த இடம் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்னு. நீங்களே காட்டினா உண்டு."

"அந்த ஆர்ச்வே நம்பர்?" என்று கேட்டான் கணேசலிங்கம்.

"எங்கட ஆபீஸ் இப்ப ட்ரை கிளீனிங் கடை," என்றாள் றோஸ்மலர். "லைனும் அதே லைன், நம்பரும் அதே நம்பர். ஒரு போன் எடுக்கட்டோ எண்டு கேட்டன், விட்டவை. மூண்டு றிங் அடிச்சிட்டு ரயில் பிடிச்சு வாறன்."

அவள் குழி விளிம்புக்கு வந்தாள். சப்பாத்தைப் பார்த்தாள். குனிந்து மண்ணில் மண்டியிட்டாள். ஐந்து வருடமாக உள்ளே அடைத்து வைத்த அழுகை அப்போதுதான் வந்தது, சத்தமில்லாமல்.

"அந்த மூண்டு றிங்கை நம்பித்தானே அண்டைக்கு நான் சோறு திண்டிட்டுப் படுத்தனான்," என்றாள். "இவர் இஞ்ச கிடக்க, வந்து சேர்ந்திட்டார் எண்டு நினைச்சு நித்திரை கொண்டனான். கொலை செய்ததை மன்னிச்சாலும் மன்னிப்பன். அவற்ற றிங்கை நீ எடுத்ததை மன்னிக்கமாட்டன்."

கணேசலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். சார்ஜன்ட் அவனை எழுப்பி வெளியே நடத்தினார். தோட்டத்துப் பாதையில் நாலு அடி வைத்தவன், பேயறைந்தவன் போலச் சட்டென்று நின்றான்.

"பொறுங்கோ... சனிக்கிழமை? சனிக்கிழமை ஆறே காலுக்கு இவள் எனக்கு முன்னால கதிரையில இருந்தவள். போன் அடிச்சுது. மூண்டு றிங்தான். அது இவள் இல்லை. அது ஆர்?"

சார்ஜன்ட் புருவத்தை உயர்த்தி, கைதி என்ன கேட்கிறான் என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.

கிருஷ்ணமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். போட்டுக்கொண்டார். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் ஆங்கிலமாக்கவில்லை.

"பேச முடியாதவங்களுக்காகப் பேசுறதுதானே சார் என் உத்தியோகம்."